இலவச லினக்ஸுக்கும் காலாவதித் தேதி உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதிலிருந்து, பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லாதவர் இல்லை. நல்ல யோசனைதான். எந்தப் பதிப்பைப் போடுவது என்பதைத்தான் பலரும் சொல்வதில்லை.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். 24.10 என்றால் 2024 அக்டோபரில் வந்தது என்று பொருள். இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் பதிப்பு மட்டுமே எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு; அதற்கு 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். மற்றவற்றுக்கு வெறும் 9 மாதம். 'புதுசுதானே நல்லது' என்று 24.10-ஐப் போட்டவர்களுக்கு 2025 ஜூலையிலேயே கதை முடிந்தது. ஆதரவு முடிந்த பதிப்பின் மென்பொருள் தொகுப்புகளைப் பிறகு வேறு சர்வருக்கு மாற்றிவிடுவார்கள். அதன்பின் அப்டேட் கொடுத்தால் 'கோப்பு கிடைக்கவில்லை' என்னும் 404 பிழைதான் வரும். நெட் கோளாறு என்று ரௌட்டரை நோண்டிப் பயனில்லை.

எல்டிஎஸ்ஸிலும் சூட்சுமம் இருக்கிறது. சுபுண்டு, லுபுண்டு போன்ற உபுண்டுவின் கிளை வகைகளுக்கு 3 ஆண்டுகள்தான். உபுண்டுவின் 5 ஆண்டு உறுதியும் 'மெயின்' என்ற மென்பொருள் களஞ்சியத்துக்கு மட்டுமே. வீடியோ பார்க்கும் விஎல்சி, படம் திருத்தும் கிம்ப் எல்லாம் 'யுனிவர்ஸ்' என்ற இன்னொரு களஞ்சியத்தில் இருப்பவை. உபுண்டு ப்ரோ என்ற சந்தா சேவையில் கணினியை இணைத்தால் இரண்டுக்குமே 10 ஆண்டுகள் திருத்தம் வரும், ஆனால் இலவசம் 5 கணினிகள் வரைதான். முப்பது கணினி உள்ள பள்ளி ஆய்வகத்துக்கு டெபியன் என்ற வேறொரு லினக்ஸ்தான் தோது என்பேன்: 3 ஆண்டு முழு ஆதரவு, மேலும் 2 ஆண்டு எல்டிஎஸ், எந்தக் கணக்கும் தொடங்க வேண்டாம்.

உபுண்டு 20.04-ன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதம் முடிந்துவிட்டது. அதிலிருந்து 24.04-க்கு நேராகத் தாவ முடியாது, 22.04 வழியாகத்தான் போக வேண்டும். முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். நிலுவையிலுள்ள அப்டேட்களை முடித்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். கணினியைத் தொடங்கும் கோப்புகள் உள்ள பூட், டிஸ்க்கில் தனிப் பிரிவாக இருந்தால் அங்கே பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையக் கோப்புகள்) குவிந்து இடம் அடைபட்டிருக்கலாம். அப்படி இருந்தால், 'ஆட்டோரிமூவ்' கட்டளையால் அவற்றை நீக்காவிட்டால் மேம்படுத்தல் நடக்காது. பிபிஏ எனப்படும் வெளியாரின் மென்பொருள் களஞ்சியங்களை, மேம்படுத்தும் கருவி தானே முடக்கிவிடும். எவை இருந்தன என்று முன்பே குறித்துக்கொண்டால், பின்னால் தேட வேண்டியிராது.

சர்வர் வைத்திருப்போர், நிறுவனங்கள் அறிவிக்கும் தேதியையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. சர்வர்களில் பயன்பட்ட சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸுக்கு 2029 வரை ஆதரவு என்றுதான் இருந்தது. 2020 டிசம்பரில் ரெட் ஹேட் நிறுவனம் ஒரே அறிவிப்பில் அதை 2021 இறுதிக்குச் சுருக்கியது.

லினக்ஸ் நிறுவும் முறையைத் தங்கள் இதழில் வெளியிடும்போது, பதிப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே ஆதரவு முடியும் ஆண்டையும் அச்சிட வேண்டுகிறேன். 22.04-க்கு 2027, 24.04-க்கு 2029.

இப்படிக்கு,
லினக்ஸ் நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்