நான்காவது வருடம் எங்கே போகிறது?

மருத்துவம் சார்ந்த படிப்புகளைக் கவனிக்கும் மாநில கவுன்சிலுக்கு,

வணக்கம். பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) முடித்துப் பதினொரு வருடமாக லேபில் வேலை பார்க்கிறேன். எங்கள் படிப்பில் மூன்று வருடம் வகுப்பு, அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். அந்த நான்காவது வருடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

என் இன்டர்ன்ஷிப்பில் எட்டு மாதம் ரத்தம் எடுக்கும் கவுன்டரிலேயே போனது. ஊசி குத்துவது, ட்யூபில் பெயர் ஒட்டுவது, ரிப்போர்ட் டைப் அடிப்பது. ரத்தம் எடுப்பதும் கற்க வேண்டிய வேலைதான். அதற்கு எட்டு மாதம் எதற்கு? மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதல் வேலையில் அது தெரிந்தது. டெங்கு சீசன், நைட் டியூட்டி. காய்ச்சலோடு வந்த ஒரு குழந்தைக்கு மெஷின் பிளேட்லெட் 18,000 என்று காட்டியது. ரிப்போர்ட்டை அனுப்பப் போனேன். "இரும்மா, ஸ்மியர் பார்க்காம விடாதே" என்றார் சீனியர் அக்கா. ஸ்மியர் என்றால் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாகத் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஸ்லைடின் வால் ஓரத்தில் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. சிலருடைய ரத்தத்தில் இப்படிச் செய்துவிடும். அந்தக் கொத்துகளை மெஷின் பிளேட்லெட்டாக எண்ணாது. நீல மூடி சிட்ரேட் ட்யூபில் மறுபடி ரத்தம் எடுத்து ஓட்டினோம். சிட்ரேட் திரவம் ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்கச் செய்யும் என்பதால், வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்கினோம். 1,60,000 சொச்சம். பயப்படத் தேவையில்லாத எண். குழந்தையின் அம்மா அதற்குள் வார்டு வாசலில் அழுதுகொண்டிருந்தார்.

அக்கா அன்றைக்கு லீவு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்காக 2021-ல் வந்த தேசியச் சட்டத்தின் அட்டவணையில் முதல் பிரிவே மருத்துவ ஆய்வகம்தான். படிப்புக்குக் குறைந்தது 2,000 மணி நேரம் என்றும் அதில் இருக்கிறது. சந்தோஷம். அந்த மணி நேரம் எந்த மேசையில் கழிகிறது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். பயோகெமிஸ்ட்ரி, ஹெமட்டாலஜி, மைக்ரோபயாலஜி, ரத்த வங்கி, திசு ஆய்வு என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை வாரம் என்று கட்டாயமாக்குங்கள். கல்ச்சர் போடும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) வசதியே இல்லாத இடம், மாணவரை வசதியுள்ள லேபுக்கு அனுப்பட்டும். லாக் புக்கில் அந்தந்த மேசையில் சொல்லிக்கொடுத்தவரே கையெழுத்துப் போடட்டும். உதவித்தொகையும் கொடுக்கச் சொல்லுங்கள். பஸ் காசுக்கு வீட்டில் கைநீட்டிக்கொண்டு வேலை கற்கும் பிள்ளைகள் இவர்கள்.

கை பழகிய பிள்ளைக்கு ரத்த வங்கி, திசு ஆய்வு, மெஷின் கம்பெனிகளின் பயிற்சியாளர் வேலை, லைசென்ஸ் தேர்வு எழுதி வளைகுடா என்று எத்தனையோ வழி உண்டு. பழகாத பிள்ளை அதே கவுன்டரில்தான் நிற்கிறது.

ஆய்வுக்குத் தேதி சொல்லாமல் வாருங்கள். ஃபைலைக் கேட்காதீர்கள். கவுன்டரில் நிற்கும் இன்டர்னை உள்ளே கூப்பிட்டு, ஒரு ஸ்மியர் போட்டுச் சாயம் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னாலஜிஸ்ட்