மூட்டையைப் பிரித்துப் பார்

அன்புள்ள கண்ணு,

நாமக்கல்லில் இந்த வாரம் நல்ல மழை. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. ஞாயிறுதோறும் நீ அவளோடு பேசுவது எனக்குத் தெரியும். போன் என் கைக்கு வருவதற்குள் உனக்கு ஏதோ மீட்டிங் வந்துவிடுகிறது. டெல்லியில் வேலை அதிகம்தான். வேளைக்குச் சாப்பிடு.

உன் ஆலைகளால்தான் தீவன விலை ஏறுகிறது என்று காதுகுத்தில் பெரியப்பா பேசியதை நான் எடுக்கப்போவதில்லை. பந்தியில் உட்கார்ந்து பேசுகிற பேச்சா அது? ஆனால் அவருடைய கவலை பொய்யில்லை. நம் கோழிப்பண்ணையில் முட்டைக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு தீவனம். அந்தத் தீவனத்தில் ஏறக்குறையப் பாதி மக்காச்சோளம். ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தின்னும். முட்டை விலை இறங்கிவிட்டது என்று அது குறைத்துத் தின்னாது. 2018இல் படைப்புழு பெரம்பலூர் மக்காச்சோளக் காடுகளை அழித்தபோதும் அதன் விலை ஏறியது. அடுத்த வெள்ளாமையில் இறங்கும் என்று தாங்கிக்கொண்டோம். இப்போது மக்காச்சோளத்திலிருந்து பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்கிற ஆலைகளும் நம்மோடு போட்டிக்கு நிற்கின்றன. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு, 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தது. நீ அந்த ஆலைகளுக்குத்தான் ஆலோசனை சொல்கிறாய் என்பது மட்டும் அவர் கண்ணில் படுகிறது.

நீ செய்கிற வேலை தவறு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். வயலில் எரிக்கிற வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் பானிப்பட் ஆலை 2022இல் திறந்தபோது நீ அனுப்பிய போட்டோவை அம்மா இன்னும் வைத்திருக்கிறாள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்பதற்கு முதலில் 2030 வரை கெடு வைத்திருந்தார்கள். 2025லேயே எட்டிவிட்டோம் என்று பேப்பரில் வந்த அன்று, சங்கத்து ஆபீசில் அத்தனை பண்ணைக்காரர்கள் நடுவிலும் நான்தான் சத்தமாக வாசித்தேன். பெரியப்பாவும் அங்கே இருந்தார்.

உன் அறிக்கையைத் தங்கை படித்துச் சொன்னாள். ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர் எத்தனால், மிச்சம் 300 கிலோ அளவுக்கு டி.டி.ஜி.எஸ். என்கிற காய்ந்த சக்கையாகத் தீவனத்துக்கே திரும்பும் என்று எழுதியிருக்கிறாய். தாளில் கணக்குச் சரி. போன மாதம் ஒரு ஆலையிலிருந்து நமக்கு லோடு வந்தது. மேலே பொன்னிறமாக உதிர்ந்தது. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே சூடு. நடுவில் கட்டி கட்டியாக, புளித்த வாடை. சரியாகக் காயவைக்காமலே கட்டிவிட்டார்கள். தானியத்தில் பூஞ்சை நச்சு இருந்தால், மாவுச்சத்து எத்தனாலாகப் போனபின் மிச்சத்தில் அது மூன்று மடங்காகத் திரண்டு நிற்கும். அதைப் போட்டால் கோழிக்கு ஈரல் கெடும், முட்டை குறையும். லோடை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

நல்ல சரக்காக வந்தால் சோயாப் புண்ணாக்குச் செலவு குறையும், நம் ஆட்களே உன்னைக் கொண்டாடுவார்கள். ஆகவே ஆலைக்குப் போனால் எத்தனால் தொட்டியை மட்டும் பார்த்துவிட்டு வராதே. சக்கையைக் காயவைக்கிற டிரையரைப் பார். மழைக்காலத்தில் வந்த தானியத்தை எங்கே கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று பார். மூட்டையைப் பிரித்துப் பார். உன் கையெழுத்தை நம்பித்தான் ஆலைக்கு பேங்க் கடன் கொடுக்கிறது. அந்த மூட்டையை இங்கே பிரிக்கிறவன் கையெழுத்து யாருடையது என்று கேட்பான், கண்ணு.

அடுத்த அறிக்கையில் டிரையருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கு. எழுதுவதற்கு முன் என்னிடம் கேள். பதினொரு மணிக்கு மேல் தீவனம் அரைத்து முடிந்துவிடும், போன் என் சட்டைப்பையில்தான் இருக்கும். அங்கே பனிக்காலப் புகை ஆரம்பித்திருக்குமே, இருமல் மருந்து வாங்கி வைத்துக்கொள். பிரித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

நேற்றுப் பெரியப்பா வந்து உன் புது நம்பரைக் கேட்டார். கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் எடுத்துப் பேசு.

அப்பா