மாங்குளத்தில் இறங்கினால் போதும், மகன்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் சுகம். போனில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது, நீயும் இரண்டு சொல்லோடு வைத்துவிடுகிறாய். அதனால் கொப்பித் தாளில் எழுதி, கொழும்புக்கு வருகிற பெரியம்மாவின் பெடியனிடம் கொடுத்துவிடுகிறேன்.

இந்த முறை ரயிலிலேயே வா. இரவு பஸ் வேண்டாம். ஏ9 வீதியில் விபத்து என்று ரேடியோவில் கேட்டாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. 1990இல் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில் திரும்ப ஓடியபோது, அப்பா உன்னை மாங்குளம் ஸ்டேசனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாரே. இதில் ஏறித்தான் கம்பசுக்குப் போவேன் என்றாய். போனாய். எங்கள் ஒழுங்கையில் கம்பஸ் போன முதல் பிள்ளை நீ. அதைச் சொல்லாமல் நான் இன்றைக்கும் ஒருவரோடும் கதைக்கிறதில்லை. ஆனால் அம்மாவோடு ஐந்து நிமிடம் கதைக்க உனக்கு நேரமில்லை.

போன கிழமை விதானை குடும்பப் பதிவு பார்க்க வந்தார். மகன் கொழும்பில்தானே, பெயரை எடுத்துவிடவா என்றார். இருக்கட்டும் என்றேன். 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டம் முழுக்கவே 92 ஆயிரம் சொச்சம் சனம்தானாம். முகாமிலிருந்து வந்து தகரக் கொட்டிலில் இருந்த நாங்கள் மூன்று பேரும் அந்த எண்ணிக்கைக்குள் இருந்தோம். இப்போது ஒழுங்கையில் ஏழு வீட்டில் நாலில்தான் விளக்கு எரிகிறது. ஆளில்லை என்று பஸ்ஸைக் குறைக்கிறார்கள், பஸ் இல்லை என்று மிச்சச் சனமும் வெளிக்கிடுகிறது. பின்னேர பஸ் ஞாயிற்றுக்கிழமையில் இப்போது இல்லவே இல்லை. மாரியில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் காலைப் பஸ்சும் சந்தியோடு திரும்பிவிடும். அதனால் ரயிலில் வந்து மாங்குளத்தில் விடியவே இறங்கு. அங்கிருந்து முல்லைத்தீவுப் பஸ்ஸில் ஒட்டுசுட்டான் மட்டும் வந்தால் மிச்சத்தை அப்பா பார்ப்பார்.

மருமகளோடு கதைக்க மூன்று தரம் போன் எடுத்தேன். பிள்ளை குளிக்கிறாள், சமைக்கிறாள், படுத்திருக்கிறாள் என்றாய். சரி, வேலையாக இருந்திருப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு. ரயிலிலேயே வா.

மகன், உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தபோது நீ வேலைக்கென்று முதலே போய்விட்டாய். பிள்ளையும் பேத்தியும் அடுத்த நாள் பின்னேரம் வெளிக்கிட்டார்கள். பஸ் வரவில்லை. சந்தி மட்டும் ஒரு ஓட்டோ பிடித்துத் தாங்கோ மாமி என்று கேட்டாள். நாங்கள் நிறைமாத வயிற்றோடும் இந்த வீதியில் நடந்தனாங்கள், உனக்கு என்ன என்று கேட்டுவிட்டேன். காசு இல்லாமல் இல்லை. நீ அனுப்பினது அப்படியே கொட்டைப்பெட்டிக்குள் இருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மற்றக் கையில் பையோடு அந்தக் கிரவல் வீதியில் நடந்தாள். நான் படலை மட்டும் போய்ப் பார்த்தேன், கூப்பிடவில்லை. பொழுதுபட அந்த வீதியில் யானை இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் நின்றேன்.

குளத்திலிருந்து வந்த அப்பாவின் கையில் பேத்தியின் ஒற்றைச் செருப்பு இருந்தது. வழியில் கிடந்ததாம். திண்ணையில் வைத்துவிட்டு என்னை ஒன்றும் கேட்கவில்லை. அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அவள் உனக்குச் சொன்னாளோ தெரியாது. சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை அவளிடமே கொடு. வருகிற நாளை மட்டும் சொல்லுங்கள். ஒட்டுசுட்டானில் ஓட்டோ நிற்கும், நானும் அதில் வருவேன்.

அம்மா