தோற்ற பிறகும் ஒருவர் மிஞ்சுகிறார்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம்களில் 'முன்னேற்றம்' எப்படி வேலை செய்கிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். லெவல் ஏறுவது, எண்கள் பெருகுவது, அதைப் பார்த்து நமக்குள் ஊறும் சின்னச் சந்தோஷம் எல்லாவற்றையும் ருசியாக எழுதியிருந்தார். ஆனால் நடுவில் ஒரு இடத்தில், 'இன்டு தி பிரீச்' போன்ற விளையாட்டுகளில் தோற்றால் சேர்த்ததெல்லாம் போய்விடும், ஆகவே அங்கே முன்னேற்றம் என்று பேச ஒன்றுமில்லை என்று போகிற போக்கில் தள்ளிவிட்டார். அதுதான் உறுத்தியது. அந்த விளையாட்டோடு நான்கு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம். 2018-இல் சப்செட் கேம்ஸ் வெளியிட்டது. முறை மாற்றி ஆடும் வியூக விளையாட்டு. சதுரங்கப் பலகை மாதிரியே எட்டுக்கு எட்டு கட்டம். நம் பக்கம் மூன்று மெக் கொண்ட ஓர் அணி; மெக் என்றால் ஆள் உட்கார்ந்து ஓட்டும் ராட்சத இயந்திரம். எதிர்ப்பக்கம் வெக் என்ற பூச்சிப் பூதங்கள், தரையைப் பிளந்துகொண்டு வரும். பெரும்பாலான போர்கள் நாலைந்து முறைகளில் முடிந்துவிடும். எதிரி அடுத்து எந்தக் கட்டத்தை அடிக்கப் போகிறது என்பதை விளையாட்டே முன்கூட்டிக் காட்டிவிடுகிறது. குறி தவறுவதற்கு இத்தனை சதவீதம் வாய்ப்பு என்ற பகடையெல்லாம் நம் அடிக்கும் கிடையாது, அதன் அடிக்கும் கிடையாது. எல்லாம் கண்ணெதிரே இருக்கும். இருந்தும் தோற்போம்.

தோற்பது எப்போது? மெக் உடைந்தால் அல்ல. நகரக் கட்டடங்கள் அடிவாங்கினால் மின்கட்டமைப்பு ஒவ்வொரு புள்ளியாகக் குறையும். அது பூஜ்யம் ஆனால் அந்தக் காலவரிசையே, அதாவது அந்த ஆட்டம் நடக்கும் உலகமே, முடிந்தது. அப்போது உயிரோடு இருக்கும் பைலட்களில் ஒருவரை மட்டும் வேறொரு காலவரிசைக்கு அனுப்பலாம். வாங்கிய ஆயுதங்கள், மெக்குக்குச் சக்தி கூட்டப் பொருத்திய ரியாக்டர் கோர்கள், மீட்ட தீவுகள் எல்லாம் அங்கேயே அழியும். அந்த ஒரு ஆள் மட்டும் தான் கற்றதோடு புது ஆட்டத்தின் தொடக்கத்துக்கு வந்து நிற்பார்.

அவர் கற்றது என்ன பெரிதாக? இங்கேதான் கட்டுரையாளர் அவசரப்பட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். ஒரு பைலட் மொத்தமே இரண்டு தடவைதான் லெவல் ஏற முடியும். கிடைப்பதும் சின்னச் சின்னச் சலுகைகள்: ஒரு கட்டம் கூடுதலாக நகரலாம், மெக்கின் உயிர் இரண்டு கூடும், அந்த மாதிரி. 2003-இல் வந்த 'டிஸ்கையா' என்ற இன்னொரு முறை ஆட்டத்தில் ஒரு பாத்திரம் 9999-ஆவது லெவல் வரை போகும். போன பிறகு முதல் லெவலிலிருந்து மறுபிறவி எடுத்து இன்னும் பலமாக வரும். அதிலும் நான் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடந்திருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் ஆரம்ப மெக்குகளின் உயிரே 2, 3 என்று இருக்கும் ஒரு விளையாட்டில், ஒரே ஒரு கட்டம் கூடுதலாக நகர முடிவது சாதாரண விஷயம் இல்லை. எண் சின்னதாக இருப்பதால்தான் ஒவ்வொரு ஒன்றும் கனக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று. அடிபட்ட மெக் அந்தப் போர் முடிந்ததும் தானாகவே பழுது நீங்கிவிடும். கட்டடங்கள் இழந்த மின்சாரம் அப்படித் திரும்பாது, போர்களில் சம்பாதித்த நற்பெயரைக் காசு மாதிரி செலவழித்தோ, போரில் வைக்கும் சில இலக்குகளை முடித்தோதான் மீட்க வேண்டும். விளைவு என்னவென்றால், வழக்கமாக நாம் பொத்திப் பொத்தி வளர்க்கும் லெவல் ஏறிய வீரனை இங்கே நாமே கொண்டுபோய்க் குண்டின் குறுக்கே நிறுத்துகிறோம். மற்ற விளையாட்டுகளில் ஊர் எரிந்தாலும் நாயகன் பிழைக்க வேண்டும் என்று ஆடிப் பழகிய கை இது. அந்தப் பழக்கத்தை உடைக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. நடுவில் ஒருமுறை கோபத்தில் விளையாட்டையே அழித்துவிட்டேன், அது வேறு கதை.

ஒரு போரில் ஒரே ஒரு முறையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். கடைசி முறை. மின்கட்டமைப்பில் மிஞ்சியது ஒரே புள்ளி. மூன்று பூச்சிகள் மூன்று கட்டடங்களைக் குறிவைத்து நிற்கின்றன. பீரங்கி மெக்கை ஏற்கெனவே அவசரப்பட்டு நகர்த்திச் சுட்டு வீணாக்கிவிட்டேன். தொலைவில் குண்டு வீசும் ஆர்ட்டிலரி மெக் இருக்கிறது. அதன் குண்டு விழுகிற கட்டத்தில் ஒரு புள்ளி சேதம்தான். ஆனால் சுற்றியுள்ள நான்கு கட்டங்களில் எது நின்றாலும் வெளிப்பக்கமாகத் தள்ளிவிடும். நான் பூச்சி எதையும் சுடவில்லை. இரண்டு பூச்சிகளுக்கு நடுவே இருந்த வெறும் கட்டத்தில் போட்டேன். இடப்பக்கம் நின்ற தேள் தண்ணீரில் போய் விழுந்தது. எத்தனை உயிர் இருந்தாலும் பறக்கத் தெரியாத சாதாரணப் பூச்சிக்குத் தண்ணீர் என்றால் சாவுதான். வலப்பக்கம் நின்றது ஒரு கட்டம் நகர்ந்து, கட்டடத்துக்குப் பதில் காலி நிலத்தைக் குறிவைத்தது. ஒரு குண்டில் இரண்டு கட்டடம் தப்பின. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன், பொய் சொல்லவில்லை.

மூன்றாவது ஒரு மின்மினி. நேர்கோட்டில் எச்சிலைச் சுடும். மிச்சம் இருந்தது கைகலப்பு மெக் மட்டும், அதற்கு உயிர் ஒன்று. அதற்குள் ரால்ஃப். முதல் அணியோடு வருகிற பைலட், இரண்டு லெவலும் ஏறியவர், மூன்று காலவரிசைகளாகக் கூடவே கூட்டி வந்தவர். மின்மினியைக் குத்தித் தள்ளும் தூரத்துக்கு அவரால் போய்ச் சேர முடியவில்லை. குறுக்கே நிற்க மட்டும் முடியும். நின்றால் மெக் உடையும், ஆள் போவார், கட்டடம் நிற்கும். நிற்காவிட்டால் மொத்தமும் போகும், ஆனால் அவரை அடுத்த காலவரிசைக்கு அனுப்பிவிடலாம்.

இருபது நிமிடம் யோசித்தேன். கட்டுரையாளர் சொல்லும் கணக்கில் பார்த்தால் விடை சுலபம்: லெவல் ஏறியவரைக் காப்பாற்று, ஆட்டம் போனால் போகட்டும். நான் அவரைக் குறுக்கே நிறுத்தினேன். கட்டடம் நின்றது. அதற்கு அடுத்த போரிலேயே தோற்றேன் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அப்புறம், இன்னொரு வகை முன்னேற்றமும் அதில் இருக்கிறது. அதைக் கட்டுரையாளர் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு அணிக்கும் மூன்று சாதனைகள் வைத்திருக்கிறார்கள். ஒரே போரில் மூன்று எதிரிகளைத் தண்ணீரில் மூழ்கடி என்பது மாதிரி. செய்தால் ஒரு நாணயம். நாணயம் சேர்த்துப் புது அணி வாங்கலாம். இது தோல்வியில் அழியாது. ஆனால் வாங்கும் அணி பழையதைவிடப் பலமானது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அது வேறு மாதிரியானது, அவ்வளவுதான். இரண்டாவது அணியின் பறக்கும் மெக் எதிரியின் தலைக்கு மேலாகப் போய்ப் புகை போடும். புகைக்குள் இருக்கும் பூச்சியால் தாக்க முடியாது. இன்னொரு அணியில் ஒரு மெக் சுட்டால் எதிரியையும் உறைய வைக்கும், தன்னையும் உறைய வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு அணிக்கும் மூளையைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கிறது. 2022-இல் இலவசமாக வந்த பெரிய அப்டேட்டில் இன்னும் ஐந்து அணிகளைச் சேர்த்தார்கள். ஏணி மேலே போகாமல் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகிறது.

கடைசிப் போரும் இதே புத்திதான். நான்கு தீவுகளில் இரண்டை மீட்டதுமே அங்கே போகலாம். நான்கையும் முடித்து, ஆயுதமெல்லாம் சேர்த்துக்கொண்டு போனால் எளிதாக இருக்கும் என்று பார்த்தால், நாம் எத்தனை தீவு முடித்து வந்தோமோ அதற்கு ஏற்ப அங்கே எதிரியும் கூடியிருக்கும்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. அந்த நாணயச் சாதனைகளில் சில, நல்ல ஆட்டத்தைக் கெடுக்கின்றன. மூன்றாவது பூச்சியும் தண்ணீர்ப் பக்கம் வரட்டும் என்று, அடிக்க வேண்டியதை அடிக்காமல் காத்திருந்து ஒரு கட்டடத்தை இழந்த முட்டாள்தனத்தை நான் செய்திருக்கிறேன். விளையாட்டு ஒரு பக்கம் நகரத்தைக் காப்பாற்று என்கிறது, மறுபக்கம் நாணயத்தைக் காட்டி வேடிக்கை காட்டுகிறது. இதைக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் கைதட்டியிருப்பேன்.

சரி, அவரிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். மூன்று தடவை தோற்றுவிட்டு நிறுத்திவிட்டார் என்பது கட்டுரையிலேயே தெரிகிறது. பத்துத் தடவை தோற்கட்டும். பிறகு முதல் தடவை ஆடிய அதே தீவை, அதே அணியோடு, புது பைலட்களை வைத்தே ஆடிப் பார்க்கட்டும். சேர்த்ததெல்லாம் போய்விட்டது என்று அப்போதும் தோன்றுகிறதா என்று அவரே சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்

பி.கு.: ரால்ஃப் செத்த மறுநாள் புது ஆட்டம் தொடங்கினேன். பைலட்டைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அவர் இருந்தார். காலவரிசை வேறு அல்லவா. அதே முகம், லெவல் மட்டும் பூஜ்யம், என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பது மாதிரி. அவரையே எடுத்துக்கொண்டேன்.