விழித்திருப்பவருக்கே வீரரா? எங்கள் பேஸ்போல் லீக் கொமிஷனருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கொமிஷனர் அண்ணாவுக்கும், ரொறன்ரோவில் இருந்து எங்களோடு ஃபன்டசி பேஸ்போல் விளையாடும் மற்ற ஏழு அணிச் சொந்தக்காரருக்கும்,

வன்னியில் இருந்து விளையாடும் நாலு அணிகளின் சார்பில் இதை எழுதுகிறேன். (ஃபன்டசி என்றால், மெய்யான பேஸ்போல் வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்கள் மெய்யான ஆட்டங்களில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறுவது.) இம்முறை அணிகளுக்கு வீரரைத் தெரிவுசெய்யும் ட்ராஃப்ட் நடக்கமுன் இரண்டு விதிகளை மாற்றவேண்டும் என்று கேட்கிறோம். ஒன்று, எந்த அணியிலும் இல்லாத வீரரை எடுக்கும் விதி. மற்றது, ட்ரேடை, அதாவது இரண்டு அணிகள் தங்களுக்குள் வீரர் மாற்றுவதை, தடுக்கும் விதி. கடல்கடந்து குடும்பமாக லீக் நடத்தும் மற்றவர்களுக்கும் இதே சிக்கல் இருக்கும் என்பதால் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

பேஸ்போல் பருவம் முழுக்க உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். புளூ ஜேய்ஸ் அணி ரொறன்ரோவில் இரவு 7.07க்குத் தொடங்கும் ஆட்டம் கிளிநொச்சியில் விடிய 4.37க்குத் தொடங்குகிறது. அதற்காக எழும்புவதில் எங்களுக்குக் குறையில்லை. பள்ளிக்கூடத்தில், பேஸ்போல் போலவே பந்தடித்து ஓடும் எல்லே விளையாடி வளர்ந்த எங்களுக்கு இந்த விளையாட்டு விருப்பமானது. விருப்பமென்றால் நித்திரை முறிக்கலாம். ஆனால் லீக்கில் வெல்வதும் தோற்பதும் ஆட்ட நேரத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை. இன்றைக்கு யார் இறங்குகிறார், யாருக்குக் காயம் என்ற செய்திகள் பெரும்பாலும் உங்கள் பிற்பகலில் வருகின்றன. ரொறன்ரோவில் 3 மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 12.30.

இப்போதைய விதிப்படி, ஓர் அணி விடுகிற வீரர் இரண்டு நாள் வேவர் என்ற காத்திருப்புப் பட்டியலில் இருப்பார். வேவர் வரிசையில் முன்னுக்கு நிற்பவர் அவரைக் கேட்டு எடுக்கலாம். யாரும் கேட்காவிட்டால் அவர் ஃப்ரீ ஏஜன்ட். அதன் பிறகு யார் முதலில் அழுத்துகிறாரோ அவருக்கு. ட்ராஃப்டில் எவரும் தொடாத நூற்றுக்கணக்கான வீரர்களும் இந்தக் கடைசி வகைதான். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஓர் அணியின் குளோசர், அதாவது கடைசி இன்னிங்ஸை எறிந்து வெற்றியைக் காப்பவர், கை நோவென்று காயப் பட்டியலுக்குப் போகிறார் என்று வையுங்கள். பிட்சர் (பந்து எறிபவர்) என்றால் குறைந்தது 15 நாள். ஒன்பதாவது இன்னிங்ஸை இனி யார் எறிவார் என்பது அந்த அணியைப் பார்த்துவரும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் லீக்கின் பத்துப் புள்ளிப் பிரிவுகளில், முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பதற்கான சேவ் ஒன்று. அந்த மாற்று வீரரை எடுப்பவர் ஒரு முழுப் பிரிவையே தூக்கி நிறுத்தலாம். சென்ற பருவத்தில் இப்படி வந்த பிட்சர்கள் ஒருவர்கூட வன்னி அணிக்கு வரவில்லை. பெயர்கள் எங்களுக்கும் தெரிந்திருந்தன. செய்தி வந்தபோது நாங்கள் நித்திரை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேவர் தீர்க்கப்படுவது உங்கள் விடியப்புறம் 4 மணிக்கு. இங்கே அது மதியம் 1.30. அந்த வேளையில் மிஞ்சியவர்களை அள்ள எங்களுக்கு வழியிருக்கிறது, எங்களில் சிலர் எடுத்தும் இருக்கிறார்கள். அதுவும் நியாயமில்லை. ஆகவே எங்களுக்கு ஒரு சலுகை தாருங்கள் என்று கேட்கவில்லை. மணிக்கூடு பார்த்து வீரர் போகிற முறையே வேண்டாம் என்கிறோம்.

இரணைமடுவில் சிறுபோகத்துக்கு முன் கூட்டம் நடக்கும். குளத்தில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காணி விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எந்த முறை என்று கமக்கார அமைப்புகளும் அதிகாரிகளும் பேசி முடித்த பிறகுதான் துருசு (மதகு) திறப்பார்கள். முறை வைக்காமல் திறந்தால் துருசுக்குக் கிட்ட உள்ள வயல் நிரம்பும், வாய்க்கால் வாலில் உள்ள வயல் காயும். மேல்வயல்காரன் கெட்டவன் என்று அதற்கு அர்த்தமில்லை. உங்களில் எவரையும் நாங்கள் குறை சொல்லாததும் அதனால்தான்.

நாங்கள் கேட்பது மூடிய ஏலம். அணியில்லாத எல்லா வீரரும் எப்போதும் வேவரில் இருக்கட்டும். ஒவ்வோர் அணிக்கும் பருவம் முழுவதற்கும் கற்பனைக் காசு 100 டொலர். ஒருவர் வேண்டுமென்றால் மற்றவர் காணாதபடி விலை எழுதி வையுங்கள். கூடிய விலைக்காரருக்கு வீரர், காசு கழியும். பூச்சிய டொலர் கேள்வியும் செல்லும். விலை சமமென்றால் புள்ளிப் பட்டியலில் கீழே நிற்பவருக்கு. இதை நாளுக்கு ஒருமுறை, ரொறன்ரோ காலை 9 மணிக்கு, அதாவது எங்கள் மாலை 6.30க்குத் தீர்த்தால் இரண்டு பக்கமும் விழித்திருக்கும், அன்றைய ஆட்டமும் தொடங்கியிராது. லீக் நடத்தும் பெரிய தளங்களில் மூடிய ஏலத்துக்கு ஏற்கெனவே வசதி இருக்கிறது.

'முதலில் கண்டவன் எடுக்கட்டும், அது அவனுடைய உழைப்பு' என்று சென்ற முறை ஒரு தம்பி சொன்னார். அவர் உழைப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிட்சருக்கு 7 டொலர் கொடுக்கலாமா 23 கொடுக்கலாமா, மே மாதத்தில் செலவழித்தால் ஓகஸ்டில் கையில் என்ன இருக்கும் என்று கணக்குப் பார்ப்பதில் உள்ள உழைப்பு, தொலைபேசி அதிர்ந்ததும் அழுத்துவதில் இல்லை. 1980இல் டானியல் ஓக்ரென்ற்றும் நண்பர்களும் நியூயோர்க்கில், இந்த ஃபன்டசி விளையாட்டின் முன்னோடியான ரொட்டிசரி லீக்கைத் தொடங்கியபோது வீரர்களை ஏலத்தில்தான் எடுத்தார்கள். இந்த விளையாட்டின் அடியே விலை மதிப்பதுதான்.

அடுத்தது ட்ரேட். இப்போது பன்னிரண்டில் நாலு பேர் எதிர்த்தால் ட்ரேட் விழுந்துவிடும். இரண்டு வன்னி அணிகள் மாற்றிக்கொள்ளும்போது உங்கள் எட்டுப் பேரில் பாதிப் பேர் போதும். இரண்டு ரொறன்ரோ அணிகள் மாற்றினால் எங்கள் நாலு பேரும் ஒருவர் விடாமல் எதிர்க்க வேண்டும். சென்ற ஜூனில் இரண்டு வன்னி அணிகள், ஒன்றுக்கு அடிப்பவரும் மற்றதற்குப் பிட்சரும் தேவைப்பட்டு, ஒருவருக்கு ஒருவர் மாற்றின. நாலு வாக்கில் விழுந்தது. காரணம் யாரும் எழுதவில்லை. ஆனால் செப்டெம்பரில், கடைசி இடத்தில் நின்ற அணி தன் மிகச் சிறந்த அடிப்பவரை முதலிடத்துக்குப் போட்டியிட்ட மச்சானுக்குக் கொடுத்து, வாங்கில் (பெஞ்சில்) இருக்கும் இரண்டு பேரைப் பெற்றது. அது நின்றது. காசு கைமாறியது என்று நான் நினைக்கவில்லை. எங்கள் லீக்கில் எல்லோரும் உறவு; மச்சான் கேட்டால் இல்லையென்று சொல்வது கஷ்டம். அதனாலேயே விதி உறுதியாக இருக்கவேண்டும்.

போட்டியாளர் கையில் தடுப்பு வாக்கு இருந்தால், அது ட்ரேட் நேர்மையானதா என்று பார்ப்பதற்கல்ல, எதிரி பலப்படாமல் பார்ப்பதற்கே பயன்படும். அமெரிக்க மேஜர் லீக்கில் 1976 ஜூனில் ஓக்லண்ட் ஏஸ் உரிமையாளர் சார்லி ஃபின்லி, தன் வீரர் விடா புளூவை யாங்கீஸுக்கு 15 இலட்சம் டொலருக்கும், ரோலி ஃபிங்கர்ஸ், ஜோ ரூடி இருவரையும் ரெட் சொக்ஸுக்கு ஆளுக்குப் 10 இலட்சத்துக்கும் விற்றார். மேஜர் லீக் கொமிஷனர் போவி கூன் அதை இரத்துச் செய்தார். மற்ற அணிகளிடம் வாக்குக் கேட்டல்ல. விசாரணை வைத்து, காரணம் சொல்லி, தன் பெயரில் முடிவு கொடுத்தார். ஃபின்லி வழக்குப் போட்டும் தோற்றார். கூன் செய்தது சரியா என்று இன்றும் வாதாடலாம். வாதாட முடிவதே அவர் காரணம் சொன்னதால்தான்.

அண்ணா, அந்தப் பொறுப்பை நீங்கள் எடுங்கள். கூட்டுச் சதி என்று தெரிந்தால் மட்டும் தடுங்கள். ஒருவர் கெட்டித்தனமாகப் பேரம் பேசினார் என்பதற்காகத் தடுக்கவேண்டாம். தடுத்தால் 24 மணிக்குள் காரணத்தை எழுதுங்கள். உங்கள் அணியே சம்பந்தப்பட்ட ட்ரேடை, ரொறன்ரோவில் ஒருவரும் வன்னியில் ஒருவரும் சேர்ந்து பார்க்கட்டும்.

ட்ரேடுக்குக் கடைசி நாளும் வேண்டும். மேஜர் லீக்கில் 2018 வரை, ஜூலைக் கடைசி தாண்டியும் வேவர் வழியாக ஓகஸ்ட் 31ஆம் தேதி வரை ட்ரேட் செய்ய முடிந்தது. 2017இல் ஜஸ்டின் வேர்லண்டர் அந்தக் கடைசி இரவில்தான் ஹூஸ்டனுக்குப் போனார்; அந்த ஆண்டு உலகத் தொடரை ஹூஸ்டன் வென்றது. 2019இல் அந்த வழியை மூடிவிட்டார்கள். நாங்களும் ஜூலை 31உடன் நிறுத்துவோம்.

பிந்திய நேரத்தில் அணிப்பட்டியல் மாறும்போது எங்கள் வீரர் வாங்கில் இருந்துவிடுவது தொடரும். அதைத் தூரத்தின் விலையாக ஏற்றுக்கொள்கிறோம். அதற்கு விதி கேட்கவில்லை.

மார்ச்சில் உங்கள் மணிக்கூடு மாறிய பிறகு வரும் முதல் ஞாயிறு, உங்கள் காலை 9 மணிக்கு, ட்ராஃப்டுக்கு முன்னரே இந்த இரண்டையும் வாக்குக்கு விடுங்கள். நாங்கள் நாலு பேரும் இணைப்பில் இருப்போம்.

அன்புடன்,
கிளிநொச்சியில் இருந்து ஓர் அணிச் சொந்தக்காரர்