சுற்றவும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

முகத்தில் நகை போட முதன்முறை குத்திக்கொள்பவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூக்கா, புருவமா, உதடா, எந்த முகத்துக்கு எது எடுப்பு, எவ்வளவு வலிக்கும் என்றெல்லாம் ரசித்து எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்திக்கு வந்ததும்தான் என் கை தானாக மூக்குக்குப் போனது. 'தினமும் இரண்டு வேளை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, ஓட்டை மூடாமல் இருக்க நகையை நாலு சுற்று சுற்றிவிடுங்கள்' என்று அதில் இருந்தது. இதே யோசனையை நம்பி மூன்று வாரம் அவதிப்பட்டவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு மூக்கு குத்திக்கொள்ளும் ஆசை வந்தது 38 வயதில். 'இந்த வயசுல எதுக்கு?' என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆசைக்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வது? நகை விற்கிற ஓர் இடத்தில் 'கன்' என்கிற, துப்பாக்கி மாதிரி இருக்கும் கருவியை வைத்துக் குத்தினார்கள். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 'வீட்டுக்குப் போய் ஸ்பிரிட் போடுங்க, சுத்திவிடுங்க' என்று அனுப்பிவைத்தார்கள். நானும் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள். காலையும் மாலையும் கண்ணாடி முன் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். ஒவ்வொரு முறையும் லேசாக ரத்தம் கசியும். 'ஓட்டை பழகுகிறது' என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

மூன்றாம் வாரம் ஒருநாள் எழுந்து கண்ணாடி பார்த்தால் கல்லைக் காணோம். கழன்று விழுந்துவிட்டது என்று தலையணை உறையை உதறினேன், போர்வையை உதறினேன், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்புறம் மூக்கைத் தொட்டபோதுதான் தெரிந்தது, அது எங்கேயும் போகவில்லை. வீங்கிய சதைக்குள் புதைந்து கிடந்தது. மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு அதை எடுத்தார். 'நல்ல வேளை, நீங்களே பிடித்து இழுக்காமல் வந்தீர்கள்' என்றார். சீழ் வைத்த துளையிலிருந்து நகையை நாமாகக் கழற்றினால் வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடலாமாம்.

நான் சுற்றிச் சுற்றி என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை அவரிடம் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். குத்திய துளை ஒரு சுரங்கம் மாதிரி. அதன் இரண்டு வாயிலிருந்தும் தோல் உள்நோக்கி வளர்ந்து, நடுவில் சேர வேண்டும். அதற்கு மாதக்கணக்காகும். வெளியே ஆறிய மாதிரி தெரிகிறபோதும் உள்ளே பச்சைப்புண்தான். ஓரத்தில் படியும் வெளிர்மஞ்சள் பொருக்கு சீழ் இல்லை, புண்ணில் கசிந்து காய்ந்த நீர். நகையைச் சுற்றும்போது அந்தப் பொருக்கு புதுத்தோலைக் கீறிக்கொண்டு உள்ளே போகிறது. அதாவது, தினம் இரண்டு முறை என் புண்ணை நானே புதுப்பித்திருக்கிறேன். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்து முளைத்து வரும் செல்களையும் கொன்றுவிடும். போட்டதும் எரிந்ததே, அதை நான் 'மருந்து வேலை செய்கிறது' என்று நினைத்திருந்தேன்!

கன்னைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. அது ஸ்பிரிங் விசையில் நகையையே சதைக்குள் தள்ளும் கருவி. அந்த நகையின் முனை என்னதான் கூர் என்றாலும் ஊசிக்கு ஈடாகாது. சதையை வெட்டாமல் நசுக்கிக்கொண்டு நுழையும். காதுச் சோணைக்கென்று வந்ததை மூக்கில் வைப்பது சரியே இல்லை, அங்கே குருத்தெலும்பும் இருக்கிறது. ஆட்டோகிளேவ் என்கிற அழுத்த நீராவிப் பெட்டியில் 121 டிகிரி நீராவியில் 15 நிமிடமாவது வைத்தால்தான் கருவி முழுதாகக் கிருமி நீங்கும். கன்னின் பிளாஸ்டிக் உடம்பு அந்தச் சூட்டைத் தாங்காது. ஆகவே மேலாகத் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள். இன்னொன்று, அதில் வரும் நகையின் தண்டு குட்டை. மூக்கு வீங்கினால் தண்டு என்ன செய்யும்? என் கல் புதைந்தது அப்படித்தான்.

துளை மூடி, ஒரு வருடம் கழித்து மறுபடியும் குத்திக்கொண்டேன். (ஆசை விடவில்லை.) இந்த முறை ஊசியால் குத்துகிற, அதையே தொழிலாகச் செய்கிற ஒருவரிடம் போனேன். அவர் பேனாவால் புள்ளி வைத்து, என் கையில் கண்ணாடியைக் கொடுத்து, 'நிதானமா பாருங்க' என்றார். இரண்டு முறை அழித்து வைக்கச் சொன்னேன், முகம் சுளிக்கவில்லை. நீராவி பட்டால் நிறம் மாறும் பட்டை ஒட்டிய உறையை என் கண் முன்னாலேயே பிரித்தார். உள்ளே இருந்தது உட்துளை உள்ள ஊசி, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம், ஒரே முறை பயன்படுத்தித் தூக்கிப் போடுவது. மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். விடும்போதே முடிந்துவிட்டது. பெரிய தும்மல் வந்து நின்றுபோன மாதிரி ஒரு கூச்சம். அந்தப் பக்கத்துக் கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது. அது அழுகை இல்லை, மூக்கைத் தொட்டாலே சிலருக்குக் கண் அப்படித்தான் கலங்கும் என்று சொல்லிக்கொண்டே டிஷ்யூவை நீட்டினார்.

போட்டது பின்பக்கம் தட்டையான டைட்டானியம் நகை, வீக்கத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நீளத் தண்டோடு. 'சர்ஜிகல் ஸ்டீல்' என்ற பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். 316எல் என்கிற அந்த ரகத்தில் 10 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு. பெல்ட் பக்கிள், கடிகாரப் பட்டை பட்டு அரிப்பு எடுக்கிறவர்கள் உடம்புக்குள் பதிக்கும் தரமுள்ள டைட்டானியமா என்று கேட்டு வாங்குவது நல்லது. 'ஏஎஸ்டிஎம் எஃப்136' என்பது அதற்கான தரக்குறியீடு. புதுப்புண்ணில் முலாம் பூசியது வேண்டவே வேண்டாம், முலாம் உரியும்.

பராமரிப்பு என்று அவர் சொன்னது சிரிப்பு வரும் அளவுக்குக் குறைவு. 0.9 சதவீத உப்புக் கரைசலை ஸ்பிரே செய்து, டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். பஞ்சு கூடாது, இழை மாட்டிக்கொள்ளும். மற்ற நேரத்தில் கை வைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். கையாவது சொன்னால் கேட்கும், துண்டு கேட்குமா? முகம் துடைக்கும்போது துண்டின் ஒரு நூல் நகையில் மாட்டி இழுத்த அந்த ஒரு நொடி இருக்கிறதே, குத்தியதைப் போல நாலு மடங்கு வலி. டி-ஷர்ட்டைத் தலைவழியாகக் கழற்றும்போது இன்னொரு முறை. அன்றிலிருந்து பட்டன் வைத்த சட்டைதான்.

ஏழாம் வாரம் துளைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குட்டி மொட்டு வந்தது. கீலாய்டு என்று பயந்து ஓடினேன். கீலாய்டு என்றால் தழும்புத் தடிப்பு, புண்ணின் எல்லை தாண்டி வளரும், தானாக வற்றாது. எனக்கு வந்தது நீளத் தண்டு ஆடி உரசியதால் வந்த தடிப்பு. வீக்கம் வற்றியதும் நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் வந்து குட்டைத் தண்டு மாற்றிக்கொள்ளும்படி குத்தியவர் சொல்லியிருந்தார், நான்தான் சோம்பேறித்தனமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். மாற்றிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிவிட்டது.

மூக்கு முழுதாக ஆற நான்கிலிருந்து ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். புருவமும் உதடும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் ஆறிவிடும். ஆனால் புருவத்தில் உடம்பு நகையை மெல்ல வெளியே தள்ளிவிடுவது உண்டு. உதட்டில் உள்பக்கத் தகடு ஈறைத் தேய்த்து இறக்கலாம், பல்லையும் சில்லு பெயர்க்கலாம். உங்கள் கட்டுரை உதட்டை 'ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றது' என்று சொன்னதை நான் ஏற்க மாட்டேன். அப்புறம், குத்திக்கொண்டபின் பல இடங்களில் குறிப்பிட்ட காலம் ரத்ததானம் செய்ய முடியாது. வழக்கமாகக் கொடுக்கிற நான் வரிசையில் நின்று, கேள்வித்தாளை நிரப்பி, திரும்பி வந்தேன். முன்பே தெரிந்திருந்தால் கொடுத்துவிட்டுப் போய்க் குத்தியிருப்பேன்.

அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது திருத்தம் போடுங்கள்: சுற்றக் கூடாது, ஸ்பிரிட் கூடாது, சிவப்பு பரவினாலோ, சூடாக வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று வரிதான். முடிந்தால் அந்தப் படத்தையும் மாற்றிவிடுங்கள். சிரித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் மூக்குக்குப் பக்கத்தில் கையுறை போடாத ஒரு கை தெரிகிறது. அந்தக் கையில் இருப்பது கன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி