மாத்திரை ஒருவருக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் மருத்துவக் கேள்வி பதிலில் ஒரு வாசகி, வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை சாப்பிட்டால் நிற்கிறது, இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பரிசோதனை செய்துகொள்ளுங்கள், சுத்தமாக இருங்கள் என்று பதில் வந்திருந்தது. தப்பில்லை. ஆனால் "வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று ஒரு வரி அதில் இல்லை. அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் 19 வருடமாக பார்மசிஸ்ட். கடையில் பெண் நான் ஒருத்திதான் என்பதால் பெண்கள் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு என்னிடம் வந்து பேசுவார்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து வாங்குகிறவர்கள் உண்டு. மேலேயே கடை இருக்கிறதே என்று கேட்டால், "அங்க எல்லாரும் தெரிஞ்சவங்கக்கா" என்பார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு லாரி டிரைவரின் மனைவி. அவர் வீட்டுக்காரர் வடநாட்டு லோடு அடிப்பவர், எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார். அவர் வந்துபோன கொஞ்ச நாளில் இந்த அம்மாவுக்கு நாற்றத்தோடு வெள்ளைப்படும், அரிப்பு எடுக்கும். மூன்று தடவை சீட்டோடு வந்து மருந்து வாங்கினார், மூன்று தடவையும் சரியானது. நாலாவது தடவை நான்தான் பிடிவாதமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் பால்வினை நோய், அதாவது உடலுறவால் தொற்றும் நோய்களுக்கான பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே டாக்டர் முதலில் கேட்டதே, வீட்டுக்காரர் எப்போது வருவார் என்றுதானாம். வீட்டுக்காரருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனாலும் இருவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்து, ஒரு வாரம் சேரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கப்புறம் அந்த மருந்துக்காக அந்த அம்மா என் கடைக்கு வரவேயில்லை.

ட்ரைக்கோமோனாஸ் என்கிற கிருமி ஆண்களிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, ஆனால் அவர்களிடமிருந்து மனைவிக்குத் திரும்பவும் தொற்றும். கிளமிடியா என்கிற இன்னொரு பால்வினைக் கிருமி பெண்களிடமே சத்தமில்லாமல் இருந்து கருக்குழாயை அடைத்துவிடும், குழந்தை இல்லையே என்று டாக்டரிடம் போகும்போதுதான் தெரியவரும். அப்போதும் மலடி என்ற பேச்சு அவளுக்குத்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லா வெள்ளைப்படுதலும் பால்வினை நோய் இல்லை. பூஞ்சையால் வரலாம், சர்க்கரை கூடினால் வரலாம், ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும் வரலாம். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சண்டை போட வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

இந்த நோய்களை நம் ஊரில் "பொம்பளச் சீக்கு" என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். வாசல்படி தாண்டாத பெண்ணுக்குப் புருஷன் கொண்டுவந்து கொடுத்தாலும் பழி பொம்பளை மேல்தான். ஆண்கள் கடைக்கு வந்து இந்தப் பெயரைச் சொல்லித்தான் சீட்டில்லாமல் மாத்திரை கேட்கிறார்கள். நான் தரமாட்டேன், அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார்கள். இப்படி அரைகுறையாகத் தின்றுதான் வெட்டை நோய்க்கு (கொனோரியா) முன்பு வேலை செய்த மருந்துகள் பல இப்போது வேலை செய்வதில்லை.

கடைக்கும் வராதவர்கள் லாட்ஜ் வைத்தியரிடம் போகிறார்கள். என் சொந்தத்திலேயே ஒரு தம்பிக்கு உறுப்பில் புண், வலி இல்லை. சுவரொட்டி பார்த்து ஒரு லாட்ஜுக்குப் போய் 12,000 ரூபாய் கொடுத்து லேகியம் வாங்கித் தின்றான், ஒரு மாதத்தில் புண் ஆறிவிட்டது. சிபிலிஸ் என்கிற பால்வினை நோயின் புண் அப்படித்தான், 3 முதல் 6 வாரத்தில் மருந்தே இல்லாமல் தானாக ஆறும், கிருமி ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும். லேகியத்துக்கு நல்ல பேர் வருவது இதனால்தான். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வந்து, ரத்தப் பரிசோதனையில் தெரிந்தபோது அவன் மனைவி 5 மாத கர்ப்பம், அவளுக்கும் தொற்றியிருந்தது. விட்டிருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறந்திருக்கலாம். ஆரம்ப நிலையில் இதற்கு ஒரே ஒரு தடவை பென்சிலின் ஊசி போதும், இடுப்பில் இரண்டு பக்கமும் போடுவார்கள். இருவருக்கும் போட்டார்கள், குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அரசு மருத்துவமனையில் இந்த வைத்தியத்துக்குக் காசு வாங்கவில்லை, யார் கண்ணுக்கும் அவர்கள் பெயர் போகவும் இல்லை. அந்த 12,000 ரூபாய் அவன் தறி ஓட்டிச் சேர்த்த காசு.

வருமுன் காக்க காண்டம் இருக்கிறது, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இருக்கிறது, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க பெண்பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்தே எச்.பி.வி. ஊசி போடலாம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் உண்டு. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்தால் போதும், காசு கிடையாது.

அடுத்த இதழில் அந்த வாசகிக்கு, வீட்டுக்காரரையும் அழைத்துப் போகச் சொல்லி அந்த ஒரு வரியைத் தயவுசெய்து போடுங்கள். கட்டம் கட்டிப் போட்டால் இன்னும் நல்லது, கத்தரித்து எங்கள் கடை கண்ணாடியில் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.